உரிமம் தேவையில்லாத ஊரில் உரிமம் எதற்கு?

டெக்சஸில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கான எல்.டி.சி. உரிமம் பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்று டெக்சஸில் சட்டம் வந்துவிட்டதே. பிறகு எதற்கு வகுப்பு, கைரேகை, 40 டாலர் கட்டணம்?
– வாசகர், கேட்டி

பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடுகிறவர் என்றால் அதற்காகவே வேண்டும். பள்ளி வளாகத்தைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது 1990-இல் வந்த மத்திய அரசுச் சட்டம். பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. மாநிலச் சட்டப்படி உரிமம் இல்லாமல் செல்பவருக்கு இந்த விலக்கு கிடையாது. தோட்டாவை நீக்கி, பூட்டிய பெட்டியில் வைத்துத்தான் அந்த எல்லையைக் கடக்க வேண்டும். உங்கள் ஊர் வரைபடத்தில் ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் 1000 அடிக்கு வட்டம் போட்டுப் பாருங்கள், வட்டத்தில் படாத சாலை எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரியும்.

வேறு பயன்களும் உண்டு. லூசியானா, ஓக்லஹோமா உட்படப் பல மாநிலங்கள் இந்த உரிமத்தை ஏற்கின்றன. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் ஏற்பதில்லை. கடையில் துப்பாக்கி வாங்கும்போது உடனடிப் பின்னணிச் சோதனைக்குப் பதிலாக உரிமத்தைக் காட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. உரிமம் இருந்தாலும் பள்ளிக் கட்டடத்துக்குள் துப்பாக்கியோடு நுழைய முடியாது. காரிலேயே பூட்டி வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வார இறுதித் தமிழ்ப் பள்ளி வாடகைக்கு எடுத்த அரசுப் பள்ளிக் கட்டடத்தில் நடந்தால் அங்கும் இப்படியே செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமைதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டுக்காக நிறுவனம் போட்ட ஐ-140 மனு ஒப்புதல் ஆகிவிட்டது. விண்ணப்பிக்கலாமா?
– வாசகர், இர்விங்

விண்ணப்பத்தை விடுங்கள், முதலில் துப்பாக்கியைத் தொடுவதைப் பற்றிப் பேசுவோம். குடியேற்றமற்ற விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாம் இதில் அடக்கம். ஐ-140 ஒப்புதல் வந்ததால் உங்கள் விசா நிலை மாறிவிடுவதில்லை. 2022-இல் இந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையை 15 ஆண்டு ஆக்கினார்கள். நண்பரோடு சுடும் பயிற்சி ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் பத்து ரவுண்டு சுடுவதும் 'வைத்திருப்பது'தான்.

விதிவிலக்குகளில் உங்களைப் போன்றவர்கள் பயன்படுத்துவது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அதைச் சிலர் குறுக்குவழியாக நினைக்கிறார்கள். டெக்சஸ் ஆண்டு வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31-ஆம் தேதி காலாவதியாகும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் வீட்டு அலமாரியில் இருக்கும் அதே துப்பாக்கி உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும். பல வருடம் காத்திருந்து வாங்கப்போகும் கிரீன் கார்டை இப்படி ஒரு தேதியின் மேல் பணயம் வைக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கிரீன் கார்டு வந்துவிட்டது. எங்கே தொடங்க வேண்டும்? எதில் சிக்கல் வரும்?
– வாசகி, ஃப்ரிஸ்கோ

மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையான டி.பி.எஸ். இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி 40 டாலர் கட்டுங்கள். அடுத்து கைரேகைக்கு நேரம் வாங்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். வகுப்பு 4 முதல் 6 மணி நேரம். அதை இணையத்திலும் முடிக்கலாம், ஆனால் சுடும் தேர்வை அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர் முன்னால் நேரில்தான் கொடுக்க வேண்டும். எல்லாத் தாள்களும் முழுமையாகச் சேர்ந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் துறை முடிவு சொல்ல வேண்டும். 'முழுமையாக' என்ற இடத்தில்தான் நம்மவர்கள் மாட்டுகிறார்கள்.

முதல் சிக்கல் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, ஓட்டுநர் உரிமத்தில் முன்னும் பின்னும் மாறி, சிலருக்கு முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று வந்திருக்கும். கிரீன் கார்டு, ஓட்டுநர் உரிமம், வகுப்புச் சான்றிதழ், கைரேகைப் பதிவு நான்கிலும் ஒரே எழுத்து, ஒரே வரிசை இருக்க வேண்டும். வகுப்பில் பயிற்சியாளர் "உங்களை எப்படிக் கூப்பிடுவது?" என்று கேட்பார், அப்போது சொல்லும் செல்லப்பெயர் சான்றிதழில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உரிமத்தைத் திருத்த வேண்டுமென்றால் விண்ணப்பத்துக்கு முன்பே திருத்துங்கள்.

இரண்டாவது, பழைய வழக்குகள். குடித்துவிட்டு ஓட்டிய முதல் வழக்கே கிளாஸ் பி எனப்படும் சிறுகுற்ற வகை. தண்டனை ஆகியிருந்தால் ஐந்து ஆண்டுக்கு உரிமம் கிடைக்காது. நீதிமன்றம் தீர்ப்பை ஒத்திவைத்து நன்னடத்தையில் விட்டதையும் இந்தச் சட்டம் பொதுவாகத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். தள்ளுபடியான வழக்கு என்றாலும் கேட்ட இடத்தில் எழுதுங்கள். கைரேகை எப்படியும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மறுப்பு வந்தால் 30 நாளுக்குள் விசாரணை கேட்கலாம்.

கிடைத்த பிறகு வீடு மாறினால் 30 நாளுக்குள் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். துப்பாக்கி உடலில் இருக்கும்போது போலீஸார் அடையாள அட்டை கேட்டால் ஓட்டுநர் உரிமத்தோடு எல்.டி.சி.யையும் சேர்த்துக் காட்டுங்கள். குடியுரிமை இல்லாதவருக்குத் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை ஆனால், அதுவே நாடுகடத்தக் காரணமாகிவிடும். சின்னக் குற்றம்தானே என்று வழக்கறிஞர் இல்லாமல் ஒப்புக்கொண்டுவிடாதீர்கள்.

சுடும் தேர்வு கடினமா?
– வாசகர், சுகர் லேண்ட்

இல்லை. பி-27 என்ற ஆள் உருவ டார்கெட்டில் 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 புள்ளி, 175 எடுத்தால் தேர்ச்சி. எட்டாம் வளையத்துக்குள் எங்கே பட்டாலும் முழு 5 புள்ளி. 22 காலிபர் என்ற சின்னத் தோட்டாவிலும் சுடலாம். குறைந்தபட்ச காலிபர் விதியை 2017-இல் எடுத்துவிட்டார்கள்.

தோற்பவர்கள் பெரும்பாலும் அவசரத்தில் தோற்கிறார்கள். 3 கஜத்தில் மூன்று நொடிக்குள் இரண்டு தோட்டா சுடும் சுற்று வரும். வெடிச்சத்தத்தை எதிர்பார்த்து மணிக்கட்டு முன்கூட்டியே அமுங்கினால், வலக்கைக்காரருக்குக் குண்டுகள் இடப்பக்கம் கீழே குவியும். வெடிக்காத போலித் தோட்டாவை மேகசினில் கலந்து போட்டுப் பழகினால் அந்த அமுக்கம் கண்ணுக்கே தெரியும். இன்னொன்று, 50 தோட்டாவை எண்ணி எடுத்துப் போகாதீர்கள். ஒன்று வெடிக்காமல் போனாலும் பக்கத்து ஆளிடம் கையேந்த வேண்டும், அவருடையது வேறு காலிபராக இருக்கும்.

ஊரிலிருந்து அப்பா, அம்மா ஆறு மாதம் தங்க வருகிறார்கள். வீட்டில் துப்பாக்கி இருப்பதால் பிரச்சினையா?
– வாசகர், ஆஸ்டின்

அவர்கள் வருவது பி-2 என்ற சுற்றுலா விசாவில். மேலே சொன்ன தடை அவர்களுக்கும் பொருந்தும். எடுக்கக்கூடிய நிலையில் இருந்தாலே 'வைத்திருப்பதாக' வாதாட முடியும். ஆகவே பெட்டியின் எண்ணையோ சாவியையோ அவர்களிடம் கொடுக்காதீர்கள், எச்-4 விசாவில் இருக்கும் மனைவிக்கும் அப்படியே. 17 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால் சட்டம் தனி: தோட்டா போட்ட துப்பாக்கி பிள்ளை கைக்கு எட்டும்படி இருந்து, பிள்ளை அதை எடுத்தாலே பெரியவர் மீது வழக்கு வரும்.

கோயிலுக்கு எடுத்துப் போகலாமா?
– வாசகி, பேர்லண்ட்

வழிபாட்டு இடங்களுக்கு இருந்த தனித் தடையை 2019-இல் நீக்கினார்கள். இப்போது கோயில் நிர்வாகம், துப்பாக்கிக்குத் தடை சொல்லும் 30.06 பலகை வைத்திருந்தால் மறைத்து எடுத்துச் செல்பவருக்கும் அனுமதி இல்லை. பலகை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஓரங்குல எழுத்தில் இருக்கும். வாசலில் நின்று படியுங்கள். குடியேற்றத் துறை நேர்காணல், சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் போன்ற மத்திய அரசு இடங்களில் பலகையைத் தேடவே வேண்டாம், உள்ளே எடுத்துச் செல்லக் கூடாது.

ஊருக்குப் போகும்போது துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிட்டுப் போனால் போதும்தானே?
– வாசகர், கேட்டி

துப்பாக்கியை யாரும் மறப்பதில்லை, பையின் அடியில் உருண்டு கிடக்கும் ஒரு தோட்டாவைத்தான் மறக்கிறார்கள். எல்.டி.சி.க்கு இந்தியாவில் எந்த மதிப்பும் இல்லை. உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தால் 1959 ஆயுதச் சட்டப்படி வழக்கு. ஒன்றே ஒன்று என்றாலும் விமானத்தை விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கும். ரேஞ்சுக்கென்று ஒரு பையை ஒதுக்கி, அதை எந்தப் பயணத்துக்கும் எடுக்காதீர்கள். ரேஞ்சுக்குப் போட்டுச் சென்ற ஜாக்கெட்டைப் பெட்டியில் வைக்கும் முன், உள்பாக்கெட் உட்பட எல்லாவற்றையும் வெளியே இழுத்துத் திருப்பிப் பாருங்கள்.