அம்மாவின் பயாப்ஸியில் வெப்ப அதிர்ச்சிப் புரதமும் பார்க்கச் சொல்லலாமா?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்திருக்கிறது. நோய் திரும்புமா என்பதை வெப்ப அதிர்ச்சிப் புரதம் சொல்லிவிடுமாமே, தனியாகப் பணம் கட்டிப் பார்க்கலாமா என்று குன்னூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நான் கோத்தகிரிக்காரி. கோவையில் திசுப் பரிசோதனை லேபில் 11 வருஷம் வேலை பார்த்தவள். என் சித்திக்கும் இதே நோய் வந்தது. அந்தச் செலவு இப்போது வேண்டாம் என்பதுதான் என் பதில்.

முதலில் அந்தப் பெயரால் வரும் குழப்பம். சித்தி இதைக் கேள்விப்பட்டதும் உடம்புச் சூட்டால்தான் நோய் வந்தது என்று முடிவு கட்டிவிட்டார். கீமோ நடக்கும்போதே, உறைபனி விழும் ஜனவரியில் பச்சைத் தண்ணீரில் குளித்தார். எனக்குத் தெரிந்தபோது பதறிப்போனேன். 1962இல் ரிட்டோசா என்ற இத்தாலிய விஞ்ஞானி, சூடுபட்ட பழ ஈயின் குரோமோசோம்கள் ஆங்காங்கே உப்பியிருப்பதைக் கண்டார். அதிலிருந்து வந்த பெயர் இது. ஆக்சிஜன் குறைந்தாலும், மருந்தின் விஷம் ஏறினாலும் செல் இதே புரதங்களை உண்டாக்கும். வடிவம் குலையும் மற்ற புரதங்களை மடித்துச் சீராக்குவது இவற்றின் வேலை. பனிக்காலத்தில் நம் ஊரில் தேயிலைச் செடியைத் தாகைச் செடியால் மூடுகிறோமே, அப்படி ஒரு காவல். அடியில் களை இருந்தால் அதற்கும் அது காவல்தான். புற்றுச் செல் பிழைப்பது அப்படித்தான்.

அதனால்தான் இவற்றை வைத்து நோயின் போக்கைக் கணிக்கலாமா என்று ஆராய்ந்தார்கள். மார்பகப் புற்றில் ஹெச்எஸ்பி 70 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதம் அதிகமிருந்தால் போக்கு மோசம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதே புரதம் எலும்புப் புற்றில் அதிகமிருந்தால் கீமோவுக்கு நன்றாகக் கேட்கும் என்றும் ஆய்வு இருக்கிறது. இடத்துக்கு இடம் அர்த்தம் மாறுகிறது. எந்த அளவைத் தாண்டினால் ‘அதிகம்’ என்பதற்கும் பொது வரையறை இல்லை. ரிசல்ட் எப்படி வந்தாலும் அம்மாவுக்குக் கொடுக்கும் மருந்து மாறாது.

மருந்தை முக்கியமாகத் தீர்மானிப்பவை ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 என்ற புரதமும். மெழுகில் பதித்த திசுவை 3, 4 மைக்ரான் கனத்தில் சீவினால் ரிப்பன் மாதிரி வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்துவோம். சாயம் ஏற்றியதும் செல்லின் விளிம்பு முழுக்கப் பழுப்பு வளையம் அழுத்தமாகத் தெரிந்தால் ஹெர்2 பாசிட்டிவ், அதாவது 3+. அதற்கென்றே டிரஸ்டுசுமாப் ஊசி இருக்கிறது.

ஆனால் திசு கெட்டிருந்தால் எந்த டெஸ்டும் ஏமாற்றும். வெட்டியெடுத்த ஒரு மணி நேரத்துக்குள், திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட வேண்டும். 6 முதல் 72 மணி நேரம் அதில் ஊற வேண்டும். ஒருமுறை மலையிலிருந்து ஒரு கட்டியின் திசு, ஃபார்மலினுக்குப் பதில் சலைனில் மிதந்தபடி வந்து சேர்ந்தது. மலைப்பாதை முழுக்கக் குலுங்கி, மாலையில் எங்கள் மேஜைக்கு வரும்போது கூழாகியிருந்தது. அந்த அம்மாவுக்கு மறுபடி ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டியதாயிற்று. இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை. உங்கள் அம்மாவின் திசு எப்போது ஃபார்மலினில் போடப்பட்டது என்று தயங்காமல் கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் ஹெர்2 வரியைப் பாருங்கள். 2+ என்றிருந்தால் முடிவு தெளிவில்லை, ஹெர்2 மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் டெஸ்ட் எடுக்க வேண்டும். கையிலிருக்கும் பணத்தை அதற்கு வையுங்கள். அம்மாவின் திசு பதித்த மெழுகு பிளாக் லேபில் இருக்கும், கேட்டு வாங்கலாம்.