முற்றத்துக் கதிரை: மாஸ்ரரின் மகள் மீன் வெட்டிய கதை

இந்த மாதக் கேள்விகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டன. ஒஸ்லோ, சூரிச், லண்டன் என்று வருகிறது. ஊரில் இருந்து கேட்டவர்கள்கூட வெளிநாட்டைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். மாங்கன்றுக்கும் மூட்டுவலிக்கும் மருந்து கேட்டவர்கள் அடுத்த மாதம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கோ.

"அன்ரி, எனக்கு 27 வயது. சாவகச்சேரி. கலியாணம் செய்து ஒஸ்லோவுக்கு வந்து இரண்டரை வருடம். ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் உதவியாளராக இருக்கிறேன். அங்கே என் பெயரைச் சுருக்கிப் பாதியாக்கிவிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறேன். சம்பள நாளில் எல்லாரும் பியர் குடிக்கப் போனால் 'தலையிடி' என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிடுவேன். மணக்கும் என்ற பயத்தில் வேலை நாட்களில் மீன் பொரிப்பதில்லை. அம்மாவோடு போனில் கதைக்கும்போது நான் வேறொருத்தி. அங்கே ஒருத்தி, இங்கே ஒருத்தி. இதில் எது நான்?"
வாசகி, ஒஸ்லோ

பிள்ளை, லேசானதுகளை முதலில் முடித்துவிடுவோம்.

மீன் பொரிக்க நாள் பார்க்க வேண்டாம். குளிருக்குப் போடும் ஜக்கற்றுகளைக் குசினிக்குப் பக்கத்தில் கொழுவாமல் அறைக்குள் அலுமாரியில் வைத்துப் பூட்டும். தலைக்கு ஒரு துணியைக் கட்டிக்கொண்டு பொரியும். கம்பளியும் தலைமயிரும்தான் மணத்தைப் பிடித்துவைத்திருக்கிறவை. அங்கே 27 வருடம் இருந்த எனக்கு இதைக் கண்டுபிடிக்கவே மூன்று வருடம் போய்விட்டது. உமக்குச் சும்மா தருகிறேன்.

பியருக்கும் பெரிய யோசனை தேவையில்லை. மாதாமாதம் தலையிடித்தால் டொக்டரிடம் போகச் சொல்லப் போகிறார்கள். "நான் குடிக்கிறதில்லை" என்று சொல்லிவிட்டு, அப்பிள் சாறு ஒன்றை வாங்கிக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வாரும். ஏன் என்று கேட்கமாட்டார்கள். கார் கொண்டுவந்தவர்களும் அங்கே ஒரு மிடறு தொடமாட்டார்கள், சட்டம் அப்படி. குடிக்காதவர் மேசையில் இருப்பது அவர்களுக்குப் புதினமில்லை. சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போகிறவர்தான் புதினம்.

பெயர்க் கதைக்கு வருகிறேன். என் கடவுச்சீட்டில் நம்முடைய வழக்கப்படி அப்பாவின் பெயர் முன்னுக்கும் என் பெயர் பின்னுக்கும் இருந்தது. நோர்வேயில் முன்னுக்கு நிற்பதுதான் ஆளின் பெயர். ஆகவே 1987 ஒக்ரோபரில், நாட்டின் வடகோடியில் வார்டோ என்ற தீவுப் பட்டினத்தில் மீன் தொழிற்சாலைக்குள் கால் வைத்த முதல் நாளே நான் என் அப்பாவாகிவிட்டேன். கரவெட்டியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை, எல்லாருக்கும் 'மாஸ்ரர்'. இங்கேயோ இறப்பர் ஏப்ரன் கட்டிய பெண்கள் நாள் முழுக்க அவருடைய பெயரைக் கத்திக் கூப்பிட்டு "கத்தியைக் கொண்டு வா" என்பார்கள். திருத்தினால் மரியாதையில்லை என்று நினைத்து எட்டு மாதம் அப்பாவாகவே இருந்தேன். பக்கத்தில் நின்று வேலை செய்த வயது போன மனிசி ஒருநாள், "உன் அம்மா உன்னை என்னவென்று கூப்பிடுவா?" என்று கேட்டா. சொன்னேன். கொட் மீனின் முள்ளை எடுத்து எடுத்து அந்தப் பெயரைப் பாடமாக்கினா. 'ழ'கரம் கடைசி வரைக்கும் வரவில்லை, ஆனால் முழுப் பெயர். உம்முடைய பெயரையும் ஒருக்கால் முழுதாகச் சொல்லிக் கொடும். அதற்குப் பிறகும் சுருக்கினால், அந்தச் சுருக்கத்தில் அன்பு இருக்கிறதா, சோம்பல் இருக்கிறதா என்று உமக்கே தெரியும்.

இனிக் கஷ்டமான பக்கம்.

வார்டோவில் நவம்பர் பின்பகுதியில் போகிற சூரியன் ஜனவரி 20 வாக்கில்தான் திரும்பி வரும். தைப்பொங்கலோ ஜனவரி நடுவில். 1988இல் எங்கள் முதல் பொங்கலுக்கு அந்த ஊரில் இரண்டு தமிழ்க் குடும்பமும் நாலைந்து பெடியளும். பொங்கல் சூரியனுக்கு, ஆனால் சூரியனே இல்லை. பகல் பதினொரு மணி வாக்கில் வானத்தின் அடியில் கொஞ்சம் சிவப்பும் நீலமுமாக ஒரு வெளிச்சம் வரும், அதுவும் தெற்கில். தெற்கு யமனின் திசை, அந்தப் பக்கம் பார்த்துப் பொங்கலாமோ என்று மற்ற வீட்டு அக்கா அழத் தொடங்கிவிட்டா. என் வீட்டுக்காரர், "கிழக்குப் பார்த்தால் பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிதான் தெரியும்" என்றார். கடைசியில் தெற்குப் பார்த்த யன்னலடியில் மின்சார அடுப்பை வைத்துப் பொங்கினோம். பானைக்குப் பதில் அலுமினியச் சட்டி. பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகின மணம் இரண்டு நாள் நின்றது.

அதற்கு ஐந்தாறு நாள் கழித்து, சாப்பாட்டு நேரம், பீரங்கி வெடித்தது. வடமராட்சியில் 1987 மே கடைசியில் தொடங்கிய இராணுவ நடவடிக்கைக்குள் இருந்துவிட்டு வந்தவள் நான். யோசிக்கவில்லை, மேசைக்குக் கீழே போய்விட்டேன். மற்றவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள். சூரியன் முழு வட்டமாகத் தெரியும் முதல் நாள், அங்கே உள்ள பழைய கோட்டையில் வெடி வைப்பார்களாம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. அந்த மனிசி திரும்பி வந்து, குனிந்து, என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனா. கடலுக்கு மேலே ஒரு முட்டைக் கரு மாதிரி. எல்லாரும் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். கையை உயர்த்திக் கும்பிட்டேன். அவவும் என்னைப் பார்த்துக் கும்பிட்டா, ஏன் என்று தெரியாமலே.

நான் நோர்வேக்காரரிடம் நடித்ததை எல்லாம் கூட்டிப் பார்த்தால் இந்த எட்டு மாதப் பெயர்தான் தேறும். பெரிய நடிப்பு ஊருக்கு நடித்தது. "கந்தோரில் வேலை" என்று அம்மாவுக்கு எழுதினேன். மீன் வெட்டுகிறேன் என்று எழுதவில்லை. மாஸ்ரரின் மகள் மீன் வெட்டுகிறாள் என்றால் ஒழுங்கையில் என்ன கதை ஓடும் என்று எனக்குத் தெரியும். அதில் சாதிக் கதையும் இருந்தது, இப்போது ஏன் மறைப்பான்? நல்ல ஜக்கற் போட்டு, தபால் கந்தோர் வாசலில் நின்று படம் எடுத்து அனுப்பினேன். பின்னால் தெரிவது என் அலுவலகம் என்று நினைக்கட்டும் என்று. நாலரை வருடம் அம்மாவின் மகள் ஒரு கந்தோரில் இருந்தாள். நான் தொழிற்சாலையில் இருந்தேன்.

1992இல் அம்மா கொழும்புக்கு வந்து உறவினர் வீட்டில் நின்றபோது போன் எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் அப்போது போன் இல்லை. "கந்தோர் எப்படி?" என்றா. எனக்கு என்ன வந்ததோ, "அம்மா, நான் மீன் வெட்டுற வேலை செய்யிறன், வந்த நாளிலிருந்து" என்றேன். நிமிடத்துக்குக் காசு ஓடுகிறது, அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு கேட்டா: "ஐஸுக்குள்ளயோ? கை விறைக்காதோ, பிள்ளை?"

அங்கே ஒருத்தி, இங்கே ஒருத்தி என்று எழுதியிருக்கிறீர். சாவகச்சேரியிலும் ரீச்சருக்கு முன் ஒருத்தி, மச்சாளோடு ஒருத்தியாகத்தானே இருந்தீர்? அது நடிப்பில்லை. அம்மாவிடம் எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறீர் என்று பாரும். பெரும்பாலும் சின்ன விஷயமாகத்தான் இருக்கும்.

"லண்டனில் இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஏழு வயதுப் பேரன் என்னை 'நீ' என்கிறான். மகள் சிரிக்கிறாள். எனக்கு நெஞ்சு குத்துகிறது."
ஓர் அம்மம்மா, கோண்டாவில்

அவன் உங்களைக் குறைக்கவில்லை, அம்மா. அவனிடம் இருப்பது ஒரேயொரு சொல். வீட்டில் தாயும் தகப்பனும் அவனோடு தமிழில் கதைத்தால் "நீ சாப்பிட்டியா, நீ படிச்சியா" என்றுதான் கதைத்திருப்பார்கள். கேட்டதைத் திருப்பித் தருகிறான். நமக்கு நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருக்கிறது. அவனுடைய ஆங்கிலத்தில் ஒரே படி. நோர்வேயிலும் ஒன்றுதான், ஒஸ்லோவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்தபோது தொண்ணூறு வயது மனிசியைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் வாய் இரண்டு வருடம் மறுத்தது.

மகளைத் திருத்தச் சொல்லாதேங்கோ. நீங்களே அவனுக்கு மரியாதை கொடுங்கோ: "வாங்கோ ராசா, கை கழுவுங்கோ, சாப்பிடுங்கோ." நம்முடைய வீடுகளில் சின்னப் பிள்ளைகளோடு அப்படிக் கதைக்கிறது புதிதில்லையே. இருபத்தைந்து நாள் திருவிழா. தேருக்கு முன்னமே அந்த மரியாதை திரும்பி வரும்.

"சூரிச்சில் இருக்கிறோம். மகளுக்குச் சாமத்திய வீடு பெரிதாகச் செய்ய வேண்டும் என்று ஊரில் அம்மா நிற்கிறா. மண்டபம், வீடியோ, ஐந்நூறு பேர். பிள்ளை, 'என்ர ஆளுயரப் படத்தை வாசலில் வைத்தால் நான் வரமாட்டேன்' என்கிறாள். எங்கள் கலாசாரத்தை விட்டுவிடுகிறோமா?"
தகப்பன், சுவிஸ்

தம்பி, எனக்கு 1974இல் தண்ணி வார்த்தார்கள். மாமி, சித்தி, பக்கத்து வீட்டு ஆச்சி. நல்லெண்ணெய், முட்டை, உழுத்தங்களி. ஆலத்தி எடுத்தார்கள். மாமா ஒரு சங்கிலி போட்டார். படம் ஒன்றுகூட இல்லை. நான் முகத்தை மூடிக்கொண்டு இருந்தேன், வந்தவர்களும் பார்க்காத மாதிரிப் பார்த்தார்கள். அந்தக் களியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

உங்கள் அம்மா கேட்கிற மண்டபமும் வீடியோவும் எனக்குத் தெரிந்த கரவெட்டியில் இருக்கவில்லை. நாடு நாடாகப் போன பிறகு, ஆரின் வீட்டு அல்பம் பெரிது என்று பார்க்க வந்ததுகள். கிடைக்கிற நெருங்கிய பெண்கள் ஐந்து பேரைக் கூப்பிட்டு, வீட்டுக்குள் உழுத்தங்களி கிண்டிக் கொடுக்கலாமோ என்று மகளிடம் கேளுங்கோ. வேண்டாம் என்றால் அதையும் விடுங்கோ. உடம்பு அவளுடையது. அம்மாவிடம் "மண்டபம் கிடைக்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதேங்கோ. மேலே என் கந்தோர்க் கதையைப் படித்திருப்பீர்கள்.

"32 வருடம் ரொரன்ரோவில் இருந்துவிட்டு மானிப்பாயில் வீடு கட்டி வந்துவிட்டேன். அங்கே என்னைச் சிறிலங்கன் என்றார்கள், இங்கே கனடாக்காரர் என்கிறார்கள். ஒருத்தரும் வீட்டுக்கு வருகிறதில்லை."
வாசகர், மானிப்பாய்

மதில் எத்தனை அடி, ஐயா?

கேலியாகக் கேட்கவில்லை. நானும் 2014இல் வந்ததும் ஆறடி மதிலும் இரும்புக் கேற்றும்தான் போட்டேன். முன்பு இந்தக் காணிகளுக்கு இடையில் கிடுகு வேலி, அதில் ஒரு பொட்டு. பொட்டுக்குள்ளால் குனிந்து வந்து ஆச்சி ஒரு சுண்டு அரிசி கேட்பா, திரும்பிப் போகும்போது முருங்கைக்காயை வைத்துவிட்டுப் போவா. மதிலில் பொட்டு வைக்க மேசன்மார் சம்மதிக்கமாட்டார்கள். பின்பக்கம் ஒரு சின்னக் கேற் வைத்தேன், பகலில் பூட்டுவதில்லை. முதல் மூன்று மாதம் அதால் வந்தது பக்கத்து வீட்டு ஆடு மட்டும்தான். என் கறிவேப்பிலையை மொட்டையாக்கிவிட்டுப் போனது. நாலாவது மாதம் ஆட்டைத் தேடி ஆள் வந்தது.

கனடாக்காரர் என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு இன்னும் 'நோர்வே அக்கா' என்றுதான் பெயர். மரக்கறி விற்கிற பெடியன் அதைச் சொல்லித்தான் கத்தரிக்காய்க்கு விலை கூட்டுவான்.

"திரும்பி வந்தபின் நோர்வேயில் எதை நினைத்து ஏங்குகிறீர்கள்?"
மாணவி, யாழ்ப்பாணம்

பழுப்புப் பாற்கட்டி. பாற்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தண்ணியைப் பாலும் ஆடையும் விட்டுக் காய்ச்சிக் காய்ச்சிச் செய்வது. நிறம் பனங்கட்டி மாதிரி, தித்திப்பும் உப்புமாக இருக்கும். மெல்லிய சீவலாகச் சீவிப் பாணில் வைத்துச் சாப்பிட வேண்டும். முதல் வருடம் வாயில் வைத்ததும் துப்பினேன். இப்போது அது இல்லாத காலைச் சாப்பாடு குறையாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு ஒரு சீவல் கொடுத்தேன். "அக்கா, பனங்கட்டியைச் சவர்க்காரத்தோடு காய்ச்சினவையோ?" என்று கேட்டுவிட்டு, மிச்சத்தை ஆட்டுக்குப் போட்டா. ஆடு தின்றது. மருமகள் ஆவணியில் வரும்போது இரண்டு கட்டி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.