ஒரே தெருவில் மூன்று பேருக்கு வாய்ப்புற்று: ஒட்டுமா?

உசிலம்பட்டிப் பக்கம் உங்கள் தெருவில் மூன்று பேருக்கு வாய்ப்புற்று, பயந்து அப்பாவின் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். தம்பி, முதலில் அந்தத் தட்டை மற்றவற்றோடு சேர்த்துவிடுங்கள். புற்றுநோய் எச்சிலாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ ஒட்டாது.

தெருவில் ஆளுக்கு ஆள் கைமாறியது வெற்றிலைப் பழக்கம்தான். என் அத்தை களையெடுக்கப் போகும்போது மடியில் சுருக்குப்பை இருக்கும்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு போயிலை. பசி தெரியாது என்று இடது கன்னத்தில் அதக்கிக்கொள்வார். புண் வந்ததும் அதே இடத்தில்தான். போயிலை சேராத வெறும் பாக்கும் புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. பீடியும் சாராயமும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் பல மடங்கு. தொண்டையில் வரும் சில புற்றுகளுக்கு எச்பிவி வைரஸ் காரணம். அது பெரும்பாலும் உடலுறவு வழியே பரவுவது, தட்டு வழியே அல்ல.

அப்புறம், அம்மாவும் வெற்றிலை போடுவார் என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. அவர் வாயை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், மூன்று விரல் நுழையாத இறுக்கம், எது இருந்தாலும் மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். வலி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.