பிரிட்ஜுக்குள் பூசணித் தோசி

அன்பின் ஐயா,

நான் மட்டக்களப்பு, கல்லடி. வருகிற 25ஆம் திகதி மகனுக்குச் சரியாக ஐந்து கிழமை. முதல் நத்தார். மாமி பிள்ளையை நள்ளிரவுப் பூசைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்கிறார். ‘முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்துவிட்டது, இனி என்ன?’ என்பது அவர் கதை. கணவர் கரோல் குழுவோடு வீடு வீடாகத் திரிகிறார், பெரிதாகக் கொண்டாட வேண்டும் என்கிறார். அம்மாதான் ஒன்றும் பேசுவதில்லை. 2004இல் எனக்கு ஆறு வயது. நத்தாருக்கு மறுநாள் தம்பியைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கேக் போட்டதே இல்லை. 25 பூசையோடு முடியும், 26 மெழுகுதிரியோடு. கொண்டாடினால் அம்மா நோவாரோ, விட்டால் பிள்ளைக்குக் குறையோ என்று இருக்கிறது. போன கிழமை அம்மா சந்தையால் வரும்போது பூசணித் தோசி, அதுதான் சீனிப்பாகில் ஊறவைத்த பூசணித் துண்டு, ஒரு பக்கற் வாங்கிவந்து பிரிட்ஜுக்குள் வைத்திருக்கிறார். எதற்கென்று கேட்கவும் பயம்.

ஜெ., கல்லடி

அன்பின் மகள்,

பூசை விஷயம் இலேசானது, அதை முதலில் முடித்துவிடுவோம். கொண்டுபோக வேண்டாம். இரண்டாம் மாதத் தடுப்பூசிகூடப் போடாத பிள்ளை. மார்கழி மழையில் பாதிச் சனம் இருமிக்கொண்டுதான் கோயிலுக்கு வரும். மூத்த மகளை இரண்டு மாதத்தில் நள்ளிரவுப் பூசைக்குத் தூக்கிப்போன மடையன் நான். ‘உன்னதங்களிலே’ தொடங்கியதும் மணி முழுவதும் ஒன்றாக அடித்தது, வெளியே சீனவெடி. பிள்ளை வீரிட்டதில் பாட்டே கேட்கவில்லை. மிச்சப் பூசை முழுவதும் மனைவி ஆட்டோவுக்குள் படங்கை இறக்கிவிட்டுக்கொண்டு இருந்தாள். அன்று எடுத்த ஒரே படத்தில் லேஸ் வைத்த சட்டையும் திறந்த வாயும்தான் தெரிகின்றன.

மாமியோடு வாதாட வேண்டாம். பாலன் இயேசுவையே நாற்பதாம் நாள்தான் ஆலயத்துக்குக் கொண்டுபோனார்கள், பெப்ரவரி 2ஆம் திகதித் திருநாள் அதற்குத்தானே என்று கேளுங்கள். உங்கள் மகனுக்கு நாற்பது 30ஆம் திகதி வருகிறது. அன்று பகலில், கோயில் வெறுமையாக இருக்கும்போது, மாமியே தூக்கிக்கொண்டு போகட்டும். வேதத்தோடு அவர் மல்லுக்கு நிற்கமாட்டார்.

கணவரின் ஆசையைக் கெடுக்க வேண்டாம். ஆனால் ஐந்து கிழமைப் பிள்ளைக்கு ஒரு முழத்துக்கு அப்பால் எல்லாமே மங்கல். மரமும் நட்சத்திரக்கூடும் உங்களுக்குத்தான், அவனுக்கு இல்லை. கரோல் குழு வந்தால் டிரம்மை ரோட்டில் வைத்துவிட்டு ஒரு கிற்றாரோடு உள்ளே வரச் சொல்லுங்கள். நாக்கில் கேக் தொட்டுவைக்க வருகிற பெரியம்மாமார் இருப்பார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்று மிட்வைப் அக்கா சொன்னதாகச் சொல்லுங்கள், பழி அவர்மேல் போகட்டும்.

இனி அம்மா. எங்கள் ஊருக்கு நத்தார் ஒருபோதும் தனியாக வருவதில்லை. 2005இல் மரியன்னை பேராலயத்தில் நள்ளிரவுப் பூசைக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டார். அதற்கு முந்திய வருசம், நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு காலை, சுனாமியில் நாவலடியும் கல்லடியும். புதுச்சட்டை கசங்குமுன் போன பிள்ளைகளை நினைத்துக்கொண்டேதான் இங்கே பல வீடுகளில் அச்சுப்பலகாரம் சுடுகிறார்கள். உங்கள் அம்மா சுடவில்லை. அதுவும் சரிதான்.

ஆனால் மகள், நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதிய தோசியை நான் விடமாட்டேன். அது தேத்தண்ணியோடு கடிக்கிற சாமானா? தனியாகத் தின்றால் பல் கூசும். பொடியாக வெட்டி, பிளம்ஸ், கஜு, இஞ்சித் தோசி எல்லாவற்றோடும் பிராண்டியில் ஊறவைத்து, ரவை வறுத்துப் போடுகிற கேக்குக்குத்தான் அதை வாங்குவார்கள். ஊற நாள் வேண்டும் என்பதால் முன்கூட்டியே வாங்குவார்கள். உங்கள் அம்மா நாள் எண்ணித்தான் வாங்கியிருக்கிறார்.

ஆகையால் கேட்காதீர்கள். ‘அம்மா, கேக் போடப்போறீங்களா?’ என்று ஒருவர் வாய்திறந்தால் அவர் ‘சும்மா வாங்கினன்’ என்று சொல்லிவிட்டு அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். இருபது வருசத்துக்கு மேல் போடாத ஒன்றைத் திரும்பப் போடுகிறவருக்கு யாரும் பார்க்காமல் இருப்பதுதான் வசதி.

26ஆம் திகதியை அப்படியே விடுங்கள். மெழுகுதிரி கொளுத்தும்போது பிள்ளையை மடியில் கேட்டால் கொடுங்கள், கேட்காவிட்டால் நீட்ட வேண்டாம். ‘தம்பிதான் திரும்பி வந்திருக்கிறான்’ என்று சொந்தக்காரர் யாராவது சொல்ல வருவார்கள். அம்மா சொன்னால் பேசாமல் இருங்கள், அவருக்கு அது சொல்லலாம். மற்றவர்கள் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அவனுக்கு அவன் பாரமே போதும்.

நாளைக்குக் கஜு கொஞ்சம் வாங்கி, கத்தியையும் பலகையையும் மேசையில் வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுக்க அறைக்குள் போய்விடுங்கள். அம்மா கத்தியை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. தோசி சீனியில் ஊறினது, ஈஸ்டர் வரைக்கும் கிடக்கும்.