22 வயசுப் பையன் எதுக்கெடுத்தாலும் கோவப்படுதான், சின்னப்புள்ள மாதிரி நடக்கான், என்ன காரணமா இருக்கும்?

அண்ணாச்சி, இன்ஜினியரிங்ல அரியர் கெடக்கு, வேலைக்குப் போனா ரெண்டு வாரம் தாங்க மாட்டேங்கான், ஏன்னு கேட்டா கத்திட்டு கதவ அடைக்கான், இது திமிரா வேற எதுவுமான்னு கேட்டிருக்கீங்க. எங்க அக்கா மகனும் இப்படித்தான் இருந்தான், அதான் எழுதுதேன். நான் டாக்டர் இல்ல, கூடவே இருந்து பாத்தவ.

திமிருன்னு முடிவு பண்ணிராதீங்க. கோவம் எப்ப வருதுன்னு கொஞ்ச நாள் கவனிங்க. கல்லிடைக்குறிச்சியில ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில, எதுத்த எலையில இருந்த சொந்தக்காரரு "என்னல, இன்னும் முடிக்கலியா, எங்க பய சென்னையில ஜாயின் பண்ணிட்டாம்ல"ன்னு கேட்டாரு. எங்க பய சிரிச்சான். அவரு எலைய மூடிட்டு எந்திரிச்சுப் போன பொறவும் அதே சிரிப்பு. ராத்திரி வீட்டுக்கு வந்து, என் சட்டைய எங்க வச்சன்னு ஆரம்பிச்சு அக்காவ அவ்வளவு பேச்சு பேசிட்டான். சட்டையில ஒண்ணுமே இல்ல, மத்தியானம் பட்ட அவமானத்த கொட்டுததுக்கு அம்மாவ விட்டா அவனுக்கு ஆள் இல்ல.

அவனுக்கு கடைசியில ஏடிஹெச்டின்னு சொன்னாங்க, கவனக்குறைவும் அவசரமும் சேர்ந்த பிரச்சன. இது 22 வயசுல புதுசா வராது, 12 வயசுக்கு முன்னாடியே அடையாளம் இருந்திருக்கும், ரிப்போர்ட் கார்டுல "புத்திசாலி, ஆனா கவனமில்ல"ன்னு வருசாவருசம் எழுதியிருப்பாங்க பாருங்க. ரஸல் பார்க்லின்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் இதுல பல வருசம் வேல பாத்தவரு, இந்தப் புள்ளைகளுக்கு தன்னக் கட்டுப்படுத்துத பக்குவம் வயசுக்கு சுமார் 30 சதவீதம் பின்னாடி இருக்கும்னு ஒரு தோராயக் கணக்கு சொல்லுவாரு. அப்ப 22 வயசுக்காரன் 15, 16 வயசு மாதிரி நடந்தா அதுல ஆச்சரியம் என்ன இருக்கு? மத்த புள்ளைகளுக்கே மூளையோட முன்பகுதி முழுசா முதிர 25 வயசு பக்கம் ஆயிருதாம்.

ஆனா உங்க பையனுக்கும் அதுதான்னு நான் சொல்ல மாட்டேன். மனச்சோர்வாவும் இருக்கலாம், ஆம்பளப் பயலுவளுக்கு அது அழுகையா வராம எரிச்சலாத்தான் நெறைய வரும். வாசிக்கது எழுதுததுல சின்ன வயசுல இருந்தே கஷ்டம் இருந்து யாரும் கண்டுக்காம விட்டிருக்கலாம். தூக்கமில்லாம விடிய விடிய போன், தைராய்டு, கஞ்சா, ஆன்லைன் ரம்மிக் கடன், காலேஜ்ல எவனாவது போட்டு மிரட்டுதது, இதுல எதுவும் இருக்கலாம், ரெண்டு மூணு சேர்ந்தும் இருக்கலாம்.

சுடலைமாடன் கோயிலுக்குப் போய் திருநீறு போட்டு வாங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒரு கால்கட்டு போட்டா சரியாயிரும்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க, வாரவ என்ன பாவம் செஞ்சா?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. "கோட்டி ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டுப் போற"ன்னு அவன் குதிச்சா இழுத்துட்டுப் போகாதீங்க. 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ், அரசாங்கத்தோடது, காசு கெடையாது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். சாகப் போறேன்னு ஒரு தடவ சொன்னாலும், கை நீட்டுதான்னாலும் நாள் கடத்தாம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. அப்படி இல்லன்னா மொதல்ல நீங்களும் மதினியும் அவனோட பழைய மார்க் ஷீட்ட எடுத்துக்கிட்டு டாக்டர பாத்துப் பேசிட்டு வாங்க, எங்க அக்காவும் அத்தானும் அப்படித்தான் போனாங்க, பய மூணாவது தடவ அவனா வண்டியில ஏறுனான்.