லாயத்துக் கேள்வி: வாலைத் தேய்க்கும் குதிரை

கேள்வி: பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆஸ்திரேலியப் பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கி, பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் எங்கள் தோட்டத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாக வாலையும் பிடரியையும் தூணில் தேய்த்தபடியே இருக்கிறது. அந்த இடத்தில் மயிர் கொட்டித் தோல் தடித்துவிட்டது. கெட்ட பழக்கம், இறுக்கிக் கட்டுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வேப்பெண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து தடவலாமா, அண்ணே?

பதில்: தம்பி, மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தேய்த்துப் புண்ணான தோல் அதில் வெந்துபோகும். கெட்ட பழக்கம் என்பதையும் நம்பாதீர்கள். ஊரல் தாங்காமல்தான் தேய்க்கிறது. கட்டிப்போட்டால் பாவம், இன்னும் தவிக்கும்.

பினாங்கில் 26 வருடம் சைஸ் வேலை, அதாவது குதிரை பராமரிக்கும் வேலை பார்த்தவன் நான். என் பொறுப்பில் இருந்த ஒரு செவலைக்கும் இதே கதி. காலையில் போனால் தூணில் வால் மயிர் அப்பியிருக்கும். பிடரியைப் பிரித்தால் வேரில் பொருக்கு. தடவினால் நகக்கண்ணில் தவிடு மாதிரி ஏறும். மாதக்கணக்கில் எண்ணெய் பூசினேன், குணமில்லை. ஒருநாள் அந்தி நேரத்தில் கால்நடை மருத்துவர் வந்து, பிடரியில் டார்ச் அடித்துக் காட்டினார். எள்ளை விடச் சின்னப் பூச்சிகள். மலாய்க்காரர்கள் அகாஸ் என்பார்களே, அதுதான். அதன் எச்சில் சில குதிரைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, கொஞ்சம் கடித்தாலே உடம்பு ஊரல் எடுக்கும். ஆஸ்திரேலியாவில் இதற்கு குவின்ஸ்லாந்து அரிப்பு என்றே பெயர் உண்டு.

ஆகவே பூசுவதை விட, கடிபடாமல் காப்பதுதான் வைத்தியம். இந்தப் பூச்சி விடியலிலும் அந்தியிலும்தான் மொய்க்கும். சாயங்காலம் 6 மணிக்குள் லாயத்தில் அடைத்து, காலையில் வெயில் ஏறிய பிறகு வெளியே விடுங்கள். காற்றை எதிர்த்துப் பறக்க அதற்குத் தெம்பில்லை. பெரிய மின் காத்தாடி ஒன்றை, காற்று குதிரையின் உடம்பில் படும்படி இரவு முழுக்க ஓடவிடுங்கள். வயர் குதிரையின் வாய்க்கு எட்டக் கூடாது. சாதாரணக் கொசுவலையில் இது நுழைந்துவிடும், கண் நெருங்கிய வலையாக வாங்குங்கள். ஈரச் சேற்றிலும் சாணத்திலும் பெருகுவதால், தண்ணீர்த் தொட்டி ஒழுகினால் இன்றைக்கே அடையுங்கள்.

பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்து அடிப்பதானால் குதிரைக்கென்று விற்பதையே வாங்குங்கள். வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும்வரை கிட்டே விடாதீர்கள், அதற்கு அது விஷம். ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். லாமினைடிஸ் என்ற குளம்பு அழற்சியில் கொண்டுபோய் விடலாம். வாலை மட்டும் தேய்த்தால் குடற்புழுவாகவும் இருக்கலாம், உங்கள் குதிரை பிடரியையும் தேய்ப்பதால் எனக்கு அகாஸ் மேல்தான் சந்தேகம். எதற்கும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. 2020-இல் தாய்லாந்தில் 500-க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கொன்ற ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்புவதும் இந்த இனப் பூச்சிகள்தான். காய்ச்சல் கண்டு, கண்ணுக்கு மேலே உள்ள குழி வீங்கினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே மருத்துவரை அழையுங்கள்.

செவலைக்குக் காத்தாடி மாட்டி ஆறாவது வாரம், வாலடியில் ஊசி ஊசியாகப் புது மயிர் முளைத்தது. உங்கள் குதிரைக்கும் முளைத்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள், தம்பி.