ஸ்பிரிங் மாற்றிய பின் எழும் ‘டொக்’ சத்தம்: கேள்வி பதில்

லாஸ்பேட்டையிலிருந்து: காரின் உயரத்தைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கும் புதிய ஷாக் அப்சார்பரும் வெளியில் வாங்கிப் பூட்டி இரண்டு வாரம் ஆகிறது. முன்பக்கம் இடப்புறத்தில் ‘டொக், டொக்’ என்று இடிக்கிறது. ஷாக் அப்சார்பரே பழுது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். என் கைக்கு வந்துபோன வண்டிகளைப் பொறுத்தவரை, இத்தகைய சத்தங்களில் பெரும்பாலானவை பொருளின் குறையால் வந்தவை அல்ல, பூட்டியதில் நேர்ந்த குறையால் வந்தவை. முதலில் அரியாங்குப்பம் பக்கம், சாலையின் முழு அகலத்துக்கும் போடப்பட்ட வேகத்தடை ஒன்றில் இரு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறுமாறு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அடுத்து, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்குமாறு ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் அமைதியும் இரண்டாவதில் சத்தமும் இருந்தால், சந்தேகம் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு கம்பியான லிங்க் ராடின் மேல் விழ வேண்டும். திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் குறுக்குக் கம்பியான ஸ்டெபிலைசர் பார், இரு சக்கரங்களும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும்போதுதான் முறுக்கிக்கொள்ளும். சேர்ந்து ஏறி இறங்கினால் அதற்கு வேலையே இல்லை. வண்டி தாழ்ந்த பிறகும் பழைய நீளத்து லிங்க் ராடே இருந்தால், பார் மேல்நோக்கித் தள்ளப்பட்டு ஆக்சிலிலோ சட்டத்திலோ இடிக்கக்கூடும். உறுதி செய்ய, இருபுற லிங்க்குகளையும் கழற்றி, எதிலும் உரசாதபடி கம்பியால் கட்டிவிட்டு, உங்கள் தெருவிலேயே நடை வேகத்தில் ஓட்டுங்கள். திருப்பங்களில் வண்டி வழக்கத்தைவிட அதிகமாகச் சாயும் என்பதால் அப்படியே கடலூர் சாலைக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். சத்தம் நின்றுவிட்டால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய லிங்க் ராடு வாங்கினால் போதும்.

இரண்டு ஓட்டத்திலும் சத்தம் வந்தால் பானெட்டைத் திறந்து, ஒருவரை வண்டியின் முன்பக்கத்தை அழுத்தி விடச் சொல்லி, ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் நட்டில் விரலை வையுங்கள். இடி காதில் விழுவதோடு விரலிலும் தட்டினால் நட்டு சரியாக இறுகவில்லை. ஏர் கன்னால் முடுக்கும்போது ஷாக் அப்சார்பரின் ராடும் சேர்ந்து சுழல்வதால், இறுகாத நட்டு இறுகியதுபோலத் தோன்றும். உள்ளே இருக்கும் ஆயில் சீலும் தேயும். அந்த நட்டின் வாஷரைச் சுற்றிப் பளபளவென்று தேய்ந்த வளையம் ஒன்று தெரியலாம். ராடின் தலையை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு, கையால் முடுக்குவதே முறை.

மஞ்சக்குப்பத்திலிருந்து: வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் ‘டொய்ங்’ என்று தெறிக்கிறது.

ஸ்ட்ரட் மேல் மவுண்டிங்கிலுள்ள பேரிங் சுழலாமல் பிடிக்கிறது. அதனால் ஸ்பிரிங் முறுக்கேறி, பிறகு சட்டென்று விடுபடுகிறது. ஸ்பிரிங்கின் முனை அதற்கான இருக்கையில் பொருந்தாமல் இருந்தாலும் இதே சத்தம் வரும் என்பதால், கழற்றும்போது இரண்டையும் பாருங்கள்.

தவளக்குப்பத்திலிருந்து: ஸ்பிரிங்கோடு, சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும் புதிதாகப் போட்டேன். ஒரே மாதத்தில் ரப்பர் கிழிந்து சத்தம் வருகிறது. மட்டமான பொருளா?

பொருளைக் குறை சொல்லும் முன், பூட்டிய விதத்தைக் கேட்டறியுங்கள். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ்ஷின் போல்ட்டை முடுக்கிவிட்டால், ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். ஜாக்கியை இறக்கிய நொடியிலிருந்து, வண்டி வெறுமனே நிற்கும்போதுகூட, அது முறுக்கப்பட்டே கிடக்கும். போல்ட்டைக் கையளவில் மாட்டி, வண்டியின் எடை சக்கரத்தின் மேல் அமர்ந்த பிறகே இறுதியாக முடுக்க வேண்டும். பட்டறைகளில் பலர் இதைத் தவிர்ப்பதற்குக் காரணம், அந்த நிலையில் அடியில் கை போகாது என்பதுதான்.

கடலூர் துறைமுகத்திலிருந்து: உயரம் மாற்றக்கூடிய காயில் ஓவர் (ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் அமைந்த தொகுப்பு) போட்டுள்ளேன். பள்ளத்திலிருந்து வெளியேறும்போது மட்டும் கடகடக்கிறது.

சக்கரம் கீழே தொங்கும் நேரத்தில் ஸ்பிரிங் இருக்கையை விட்டுத் தளர்கிறது. வண்டியை முட்டுக் கொடுத்துத் தூக்கி, ஸ்பிரிங்கைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால், ஸ்பிரிங் இருக்கையின் பூட்டு வளையம் தளர்ந்துள்ளதா என்று சரிபாருங்கள். உங்கள் ஊரின் உப்புக்காற்றில் அந்த வளையம் சுழலும் மரைகள் துருவேறி இறுகிவிடும் என்பதால், கழுவிக் காயவைத்துத் துருத் தடுப்பான் பூசுங்கள்.

வில்லியனூரிலிருந்து: சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறது. ஓட்டலாமா?

ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால், சக்கரப் பக்கத்தை லோயர் ஆர்மோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டாக இருக்கலாம். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். ஆகவே எதுவானாலும் ஓட்ட வேண்டாம், ஏற்றிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து: பின்பக்கம் எல்லாம் மாற்றியும் சத்தம் போகவில்லை.

டிக்கியிலுள்ள ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கிவைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், இரண்டு ஷாக் அப்சார்பர் மாற்றிய பிறகு நானே இதைக் கண்டுபிடித்திருக்கிறேன்.